செய்கூலி தெரியும், சேதாரம் எவ்வளவு? கார் பாலிஷ் முறைகளும் அவை எடுக்கும் பெயிண்டும்: முழுமையான வழிகாட்டி

நகை வாங்கப் போனால் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் வழக்கம். காரைப் பாலிஷுக்கு விடும்போது கூலியை மட்டும் பேசி முடிக்கிறோம். வண்டி பளபளவென்று திரும்பி வந்ததும், அந்தப் பளபளப்புக்காக எவ்வளவு பெயிண்ட் தேய்ந்துபோனது என்ற கணக்கை யாரும் தருவதில்லை, நாமும் கேட்பதில்லை. "அண்ணாச்சி, ஒரு ரப்பிங் போட்டா புது வண்டி மாதிரி ஆயிரும்" என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்து நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கடைக்காரர் சொன்னால், அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த ரப்பிங் எந்த மிஷினால், அதில் மாட்டித் தேய்க்கும் எந்தப் பேடால், தேய்க்கும் துகள் கலந்த எந்தக் காம்பவுண்டால் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்து இழப்பு அரை மைக்ரானாகவும் இருக்கலாம், ஐந்து மைக்ரானாகவும் இருக்கலாம். பாலிஷ் புட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயர் இதைத் தீர்மானிப்பதில்லை. மிஷினின் அசைவு, பேடின் முரட்டுத்தனம், காம்பவுண்டின் துகள், அழுத்தம், நேரம், சூடு ஆகிய ஆறும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

எதிலிருந்து எடுக்கிறோம்

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். தொழிற்சாலையில் பூசப்பட்ட ஒரு காரின் முழுப் பெயிண்டும் பெரும்பாலும் 90 முதல் 140 மைக்ரான் வரைதான் இருக்கும். இதில் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் மின்பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள் உண்டு. கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். பாலிஷ் செய்வது என்பது இந்தக் கடைசி அடுக்கைச் சிறிதளவு சீவி, கீறலின் விளிம்புகளைச் சமப்படுத்துவதுதான். கீறல் நிரம்புவதில்லை, கீறலைச் சுற்றியுள்ள பெயிண்டே கீறலின் ஆழத்துக்கு இறக்கப்படுகிறது. இதைப் புரிந்துகொண்டால், ஆழமான கீறலைப் பாலிஷால் எடுத்துத்தருவதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதன் காரணமும் விளங்கிவிடும்.

கிளியர் கோட்டில் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் பொருள்கள் கலந்திருக்கின்றன. அடியிலுள்ள நிறம் வெளுக்காமல் காப்பது அவைதாம். அடுக்கு மெலிந்தால், அதைக் கடந்து கீழே போகும் கதிர் கூடும். கன்னியாகுமரி ஏறத்தாழ 8 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அந்த வெயில் முழுவதையும் வாங்குவது காரின் கூரை, பானெட், டிக்கி ஆகிய படுக்கைவாட்டுப் பரப்புகள். பாலிஷ்காரரின் கை அதிகம் நிற்பதும் அங்கேதான். பத்து வயதான வண்டிகளில் கூரை மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கிளியர் கோட் செத்துப்போனதன் அடையாளம். அதற்கு எந்தப் பாலிஷும் மருந்தல்ல. உரித்துவிட்டு மறுபடி பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி.

ஆகவே, ஒரு வண்டியின் முழு ஆயுளிலும் கிளியர் கோட்டிலிருந்து 8 முதல் 10 மைக்ரானுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்பதை இத்தொழிலில் கவனமாக வேலை செய்பவர்கள் ஒரு வரம்பாக வைத்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கம்பளிப் பேடு வைத்து 3 அல்லது 4 மைக்ரான் எடுக்கும் கடையில் வண்டியை விட்டால், மூன்றாம் ஆண்டிலேயே அந்த ஆயுட்கணக்கு தீர்ந்துவிடும்.

இங்கே பெயிண்டைக் கெடுப்பவை

முறைகளுக்குள் போகுமுன், எந்தக் குறையை நீக்கப் போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். பல குறைகளுக்குப் பெயிண்டைத் தேய்க்கவே தேவையில்லை.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் நிறுத்தப்படும் வண்டியின் மேல் உப்புப் படலம் படிகிறது. அது கிளியர் கோட்டை நேரடியாக அரிப்பதைவிட, ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கல் பட்டுப் பெயிண்ட் தெறித்த இடங்களில் துருவை வளர்ப்பதே அதிகம். மணலின் கதை வேறு. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் பிரித்தெடுக்கும் கடற்கரைக் கனிம மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் ஆகியவற்றோடு கார்னெட்டும் இருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படும் கனிமம். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அது 6.5 முதல் 7.5 வரை நிற்கிறது. கிளியர் கோட்டோ ஒருவகைப் பிளாஸ்டிக் படலம். காற்றில் பறந்து பானெட்டில் படியும் அந்த மணலை, காலையில் வண்டியை எடுக்கும் அவசரத்தில் உலர்ந்த துணியால் ஒரு வீசு வீசினால், நாமே கையால் உப்புத்தாள் போட்டதாக ஆகிவிடுகிறது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலைபோல் தெரியும் சுழல் கீறல்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. ஆடிக் காற்றுக்காலத்தில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் அன்றாடம் போய்வரும் வண்டிகளுக்கும் இதே நிலைதான்.

கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் கறை, பலா, மா மரங்களின் பால், பறவை எச்சம், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் காய்ந்து விடும் வெள்ளை வட்டங்கள் ஆகியவை அடுத்த வரிசையில் வருகின்றன. திருமண வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தோவாளைப் பூவால் எவ்வளவு அழகாகச் சோடித்தாலும், அந்தச் சரத்தை நிறுத்தும் டேப்பின் பசையும் உள்ளே ஓடும் கம்பியும் பானெட்டில் விட்டுப்போகும் தடங்கள் மறுநாள்தான் கண்ணில் படும். பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியாலேயே எடுத்துவிடலாம். அதற்காகக் காம்பவுண்ட் போடுவது வீண்.

முதல் படி: கழுவி, ஒட்டியதை நீக்குதல்

நிறையத் தண்ணீர் பீய்ச்சி மண்ணைத் தளர்த்திய பின்பே துணி வண்டியைத் தொட வேண்டும். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் ஷாம்பூ நீர், மற்றொன்றில் துணியை அலசும் நல்ல நீர். கழுவிய பிறகு விரல் நுனியால் மெல்லத் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள்களைக் கரைக்கும் அயர்ன் ரிமூவரை அடித்து, அது ஊதா நிறமாக மாறி வழிந்ததும் அலசி, பின்னர் வழுக்கும் நீர் தெளித்து, ஒட்டிய துகள்களைப் பிடித்திழுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பாரால் தேய்க்க வேண்டும். தண்ணீர் வட்டங்களுக்குத் தண்ணீர் கலந்த வினிகரை ஓரிரு நிமிடம் வைத்துக் கழுவிப் பார்க்கலாம். கிளே பார் பெயிண்டைக் கணக்கில் சொல்லும்படி எடுப்பதில்லை. ஆனால் மெல்லிய கோடுகளை விடக்கூடும். எனவே பாலிஷ் செய்யும் எண்ணமில்லாதபோது கிளே போட வேண்டாம்.

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேராக மிஷினை வைக்கும் கடைகள் உண்டு. அங்கே பேடுக்கும் பெயிண்டுக்கும் இடையில் காம்பவுண்டோடு மணலும் சேர்ந்து சுழல்கிறது.

இரண்டாம் படி: அளவெடுத்தல்

பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி கையடக்கமானது. தகட்டில் வைத்தவுடன் மைக்ரான் எண்ணைக் காட்டும். இரும்புத் தகட்டில் காந்த முறையிலும் அலுமினியத்தில் சுழல் மின்னோட்ட முறையிலும் இது வேலை செய்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி எதையும் காட்டாது.

இக்கருவி காட்டுவது எல்லா அடுக்குகளும் சேர்ந்த மொத்தத் தடிமனை மட்டுமே. கிளியர் கோட் எவ்வளவு என்று அது தனியாகச் சொல்லாது. துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் அந்தப் பூச்சையும் பெயிண்டோடு சேர்த்துக் கூட்டிக் காட்டும். மலிவான கருவிகளில் 2, 3 மைக்ரான் முன்பின் இருப்பதும் இயல்பு; ஒரு மைக்ரான் இழப்பை ஒரே முறை வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு பேனலிலும் சில இடங்களைத் தேர்ந்து, ஓரத்தில் சிறு மாஸ்கிங் டேப்பால் அடையாளமிட்டு, ஒவ்வோர் இடத்திலும் ஐந்து முறை அளந்து சராசரியை எழுதிக்கொள்ளுங்கள். வண்டி நிழலில் நின்று ஆறிய பிறகே அளக்க வேண்டும். பாலிஷ் முடிந்த பின் அளப்பதற்கும் இதே விதி.

எண்களை எப்படி வாசிப்பது? சாம்பல் நிற ஹேட்ச்பேக் ஒன்றின் பானெட்டின் நடுவில் 112, இடது ஃபெண்டரில் 108, நான்கு கதவுகளில் 105 முதல் 115, வலது பின் கதவில் மட்டும் 240, கூரையில் 88 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பின் கதவு மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டது. 400, 600 என்று ஏறியிருந்தால் அடியில் பட்டி இருக்கிறது; டிங்கரிங் வேலை நடந்த இடம். அங்கே மேல் பூச்சு தடிமனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பட்டறையில் எத்தனை கோட் அடித்தார்கள் என்பது அடித்தவருக்கே வெளிச்சம். 240 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு நிறையப் பெயிண்ட் இருக்கிறதென்று துணிவது தவறு. கூரையின் 88 வேறு செய்தி சொல்கிறது: தொழிற்சாலையிலேயே மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கலாம், அல்லது முன்பு யாரோ நன்றாகத் தேய்த்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அங்கே காம்பவுண்ட் கூடாது. மெல்லிய ஃபினிஷிங் பாலிஷோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கருவி இல்லாதவர்கள் என்ன செய்வது? பழைய வண்டி வாங்கியிருந்தால், அதன் வரலாறு தெரியாது என்ற ஒரே காரணத்துக்காகவே மென்மையான முறையோடு நின்றுவிடுவது நல்லது. விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அக்கீறல் பாதுகாப்பாக எடுக்கக்கூடிய ஆழத்தைத் தாண்டிவிட்டது.

மூன்றாம் படி: முறையைத் தேர்ந்தெடுத்தல்

இங்கே தரும் மைக்ரான் அளவுகள், ஒரு பேனலை வழக்கமான முறையில் ஒரு சுற்று முழுமையாகச் செய்யும்போது எதிர்பார்க்கத்தக்கவை. பெயிண்டின் கடினத்தன்மைக்கும் கையின் அழுத்தத்துக்கும் ஏற்ப இவை கூடும், குறையும்.

வேக்ஸ், சீலன்ட், கிளேஸ் ஆகியவற்றில் தேய்க்கும் துகள் இல்லையென்றால் பெயிண்ட் போவதே இல்லை. கிளேஸ் கீறலுக்குள் எண்ணெய்போல் அமர்ந்து அதை மறைக்கிறது. சில மழைக்குப் பிறகு, அல்லது இரண்டு வாட்டர் வாஷுக்குப் பிறகு, கீறல் பழையபடி வெளியே வரும். இது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். மெலிந்துபோன கூரைக்கு இதுவே சரியான மருந்து. மறைத்ததை நீக்கியதாகச் சொல்லிக் கூலி வாங்குவதுதான் தவறு.

கையால் ரப்பிங் காம்பவுண்ட் போடுவது மென்மையானது என்று பலர் நம்புகிறார்கள். டப்பாவில் வரும் பழைய வகைக் காம்பவுண்டில் துகள்கள் பெரியவை, ஒரே அளவாக இருப்பதுமில்லை. கையின் அழுத்தமோ உள்ளங்கையில் ஒருவிதம், விரல் நுனியில் வேறுவிதம். ஒரு சதுர அடியில் சராசரியாகப் போகும் பெயிண்ட் குறைவுதான் என்றாலும், விரல் பதிந்த கோட்டில் 2, 3 மைக்ரான் வரை போகலாம். பக்கத்து அங்குலத்தில் ஒன்றுமே போயிருக்காது. பளபளப்பு வந்த பிறகும் நேர்க்கோடுகளாகத் தடம் தெரிவது இதனால்தான். கதவுக் கைப்பிடியின் குழிவு, கண்ணாடி அடிப்பாகம் போன்ற மிஷின் புகாத சிறு இடங்களுக்கு, நவீன நுண்துகள் பாலிஷும் மென்மையான நுரைத் துண்டும் கொண்டு கையால் செய்வது போதுமானது. முழு வண்டிக்குக் கைவேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரோட்டரி என்பது நம் பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் பஃபிங் மிஷின். ஒரே அச்சில், ஒரே திசையில் சுழலும். 18 சென்டிமீட்டர் பேடை நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றவிட்டால் அதன் விளிம்பு வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் வேகத்தில் பெயிண்டின் மேல் ஓடுகிறது. நடுப்புள்ளியோ கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. மிஷினைச் சற்றே சாய்த்துப் பிடிக்கும் பழக்கமுள்ளவர் கையில், அத்தனை வேகமும் அழுத்தமும் பேடின் ஒரு பிறை வடிவ விளிம்பில் குவிகின்றன. வெட்டும் திறன் அதிகம், சூடும் அதிகம். கம்பளிப் பேடும் கனமான காம்பவுண்டும் சேர்ந்தால் ஒரு சுற்றுக்கு 3 முதல் 5 மைக்ரான் போகும். அதே இடத்தில் கீறல் மறையவில்லையே என்று இரண்டாம், மூன்றாம் முறை போனால் இழப்பும் அந்தக் கணக்கில் பெருகும். நுரைப் பேடும் நடுத்தரப் பாலிஷும் வைத்தால் 2 முதல் 3 மைக்ரான். எல்லாத் துகளும் ஒரே திசையில் உழுவதால், மாலை வெயிலில் பானெட்டைப் பார்க்கும்போது நம்மோடு கூடவே நகரும் மங்கலான வெளிச்சப் பட்டைகளை இது விட்டுச் செல்கிறது. கடையின் நிழலில் அவை தெரியா. ரோட்டரி கெட்ட கருவி அல்ல. அனுபவமுள்ளவர் கையில் அது துல்லியமாகவே வேலை செய்யும். பழகுபவர் பழகுவதற்கு உங்கள் வண்டி ஏற்ற இடமல்ல என்பதே என் கருத்து.

டூயல் ஆக்ஷன் மிஷினில் பேடு சிறு வட்டத்தில் அதிர்ந்துகொண்டே மெல்லச் சுழலவும் செய்யும். 15 மில்லிமீட்டர் வீச்சுள்ள மிஷின் நிமிடத்துக்கு 4000 அதிர்வில் ஓடும்போது, அந்த அதிர்வால் பேடின் ஒவ்வொரு புள்ளியும் பெறும் வேகம் வினாடிக்கு 3 மீட்டரைச் சற்றுத் தாண்டும். ரோட்டரியின் விளிம்பு வேகத்தோடு ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. வேலை பேடு முழுவதும் பரவுவதால் சூடு ஓரிடத்தில் குவிவதில்லை. மேலும், இந்த மிஷினை அளவுக்கு மீறி அழுத்தினால் சுழற்சி நின்று வெறுமனே அதிரத் தொடங்கும். அதுவே ஒரு பாதுகாப்பு. மென்மையான நுரைப் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் வைத்தால் ஒரு மைக்ரானுக்கும் குறைவாகவே போகும்; நடுத்தர நுரையும் நடுத்தரப் பாலிஷும் 1 முதல் 2 மைக்ரான் எடுக்கும். ஆனால் மைக்ரோஃபைபர் கட்டிங் பேடும் கனமான காம்பவுண்டும் வைத்தால் டூயல் ஆக்ஷனும் 2 முதல் 4 மைக்ரான் வரை எடுத்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. நீண்ட வீச்சு மிஷின்கள் வந்த பிறகு, டூயல் ஆக்ஷன் என்றாலே ஆபத்தில்லை என்ற பேச்சு பாதி உண்மையாகிவிட்டது.

கடைசியாக வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். இது பாலிஷே அல்ல, பெயிண்டைச் சீவும் வேலை. 1500 எண் தாளின் துகள் ஏறத்தாழ 12 அல்லது 13 மைக்ரான் பருமன் உடையது, 2000 எண்ணின் துகள் சுமார் 10 மைக்ரான். 1500 தாள் 5 முதல் 10 மைக்ரான் வரை எளிதாக எடுத்துவிடும். 3000 தாள்கூட 2, 3 மைக்ரான் எடுக்கும். அந்தத் தாள் விட்ட கோடுகளை நீக்கக் காம்பவுண்ட் எடுப்பது தனிக்கணக்கு. பட்டறையில் புதிதாக அடித்த தடிமனான கிளியர் கோட்டில் தூசி விழுந்த புள்ளிகளையும் ஆரஞ்சுத்தோல் போன்ற மேடுபள்ளங்களையும் சமப்படுத்த இது தேவைப்படுகிறது. தொழிற்சாலைப் பெயிண்டில், முழுப் பேனலுக்கும் வாட்டர் பேப்பர் போடலாம் என்று ஒரு கடை சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நான்காம் படி: சோதனைக் கட்டம்

பெயிண்ட் சிலவற்றில் மென்மையாகவும் சிலவற்றில் கடினமாகவும் இருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு வண்டிகளில்கூட வேறுபடலாம். ஆகவே பானெட்டில் ஏறத்தாழ ஒன்றரை அடிச் சதுரத்தை டேப்பால் பிரித்து, இருப்பதிலேயே மென்மையான சேர்க்கையிலிருந்து தொடங்க வேண்டும்: மென்மையான நுரை, ஃபினிஷிங் பாலிஷ், டூயல் ஆக்ஷன் மிஷின். துடைத்துவிட்டு எல்இடி டார்ச் அடித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் முதலில் பாலிஷை மாற்றுங்கள், பிறகு பேடை, கடைசியாகத்தான் மிஷினை. எந்தச் சேர்க்கையில் கீறல்களில் பெரும்பகுதி மறைகிறதோ அங்கேயே நிற்க வேண்டும். மிச்சமிருக்கும் நான்கைந்து ஆழக் கீறல்களைத் துரத்திக்கொண்டு போவதில்தான் பெயிண்ட் வீணாகிறது; எண்பது விழுக்காடு கீறல் மறைந்த வண்டியை இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவர் குறை காண மாட்டார்.

சோதனையின்போது பேடில் வண்டியின் நிறம் ஒட்டினால், அது கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு. பழைய வெள்ளை, சிவப்பு வண்டிகள் சிலவற்றில் இதைக் காணலாம். மேலே சாம்பல் பூத்ததுபோல் வெளுத்திருந்தாலும் அடிவரை நிறம் இருப்பதால் இவை பாலிஷுக்கு நன்றாகவே இணங்கும். கிளியர் கோட் உள்ள வண்டியில் பேடு நிறம் பிடித்தால் உடனே நிறுத்த வேண்டும். பேஸ் கோட் வெளியே வந்துவிட்டது.

ஐந்தாம் படி: மிஷினை ஓட்டுதல்

வேலை நிழலில்தான் நடக்க வேண்டும். பானெட்டின் மேல் உள்ளங்கையை வசதியாக வைத்திருக்க முடியாத சூட்டில் காம்பவுண்ட் நொடியில் காய்ந்துவிடும், பெயிண்ட் இளகும். தை, மாசி மாதங்கள் இம்மாவட்டத்தில் இவ்வேலைக்கு ஏற்றவை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்குக் கிடைப்பதால், மற்ற மாதங்களில் நனையாத, ஈரம் குறைந்த நாளாகப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கும்.

பேனல்களின் விளிம்பு, பானெட்டில் ஓடும் மடிப்புக் கோடு, கதவின் முனை ஆகியவற்றை முதலில் டேப்பால் மூடுங்கள். பெயிண்ட் அடித்துச் சூட்டில் காயவைக்கும்போதே கூரிய விளிம்பிலிருந்து அது சற்று விலகி மெலிகிறது. பேடின் அழுத்தமும் மேட்டிலேயே குவிகிறது. பெயிண்ட் எரிந்து தகடு தெரிந்துபோகும் விபத்துகள் பெரும்பாலும் இவ்விடங்களில் நடப்பவை. பிளாஸ்டிக் பம்பரில் சூடு பரவ வழியில்லாததால் அங்கே வேகத்தையும் அழுத்தத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

புதுப் பேடில் முதலில் பாலிஷை மெல்லப் பூசிப் பதப்படுத்திவிட்டு, பிறகு பட்டாணி அளவில் நான்கு துளிகள் போதும். மிஷினைப் பெயிண்டின் மேல் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள், இல்லையேல் காம்பவுண்ட் முழுதும் உங்கள் சட்டையில். ஒன்றரை அடிச் சதுரத்தில் வினாடிக்கு 2, 3 சென்டிமீட்டர் நகரும்படி, ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூடுமாறு, முதலில் நீளவாட்டிலும் அடுத்து அகலவாட்டிலும் நான்கு அல்லது ஆறு முறை போக வேண்டும். டூயல் ஆக்ஷன் பேடின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், பேடு சுழல்கிறதா நின்றுவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டு ஓட்டத்துக்கு ஒருமுறை புறங்கையால் பேனலைத் தொட்டுப் பாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் 50 பாகை செல்சியஸைத் தாண்டவிடாதீர்கள்.

பேடில் தேய்ந்த பெயிண்டும் காய்ந்த பாலிஷும் சேர்ந்து பசைபோல் அடையும். அப்படியே தொடர்ந்தால் அந்தக் கட்டிகளே புதிய கீறல்களைப் போடும். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் பிரஷாலோ காற்றாலோ பேடைச் சுத்தம் செய்து, இரண்டு மூன்று பேனலுக்கு ஒரு பேடு என்று மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி முழுவதற்கும் ஒரே பேடு வைத்திருக்கும் கடையில் வேலை எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கனமான காம்பவுண்ட் போட்ட இடத்தில் மென்மையான பேடால் ஒரு ஃபினிஷிங் சுற்று கட்டாயம். அதன் இழப்பு ஒரு மைக்ரானுக்குள் அடங்கும், பளபளப்பின் பெரும்பகுதியைத் தருவதும் அதுவே.

ஆறாம் படி: சரிபார்த்தல்

பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்திருக்கக்கூடும். தண்ணீர் கலந்த ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தெளித்துச் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்த பிறகு தெரிவதே உண்மையான நிலை. பின்பு வண்டியை வெயிலுக்குக் கொண்டுவந்து சாய்வாகப் பாருங்கள். பெயிண்ட் நன்றாக ஆறியதும், முன்பு அடையாளமிட்ட அதே இடங்களில் மறுபடி ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். 112 இருந்த இடம் 110 என்று வந்தால் நடுத்தர முறைக்கு அது நியாயமான இழப்பு. 106 என்று வந்தால், அந்த வண்டிக்கு இனிக் காம்பவுண்ட் வேண்டாம்.

செராமிக் கோட்டிங்கும் முகப்பு விளக்கும்

பெயிண்டின் மேல் பூசும் காப்புப் படலமான செராமிக் கோட்டிங் போடுவதற்கு முன் பாலிஷ் செய்வது வழக்கம்; அந்தக் கூலிக்குள்தான் பெயிண்ட் இழப்பு ஒளிந்திருக்கிறது. கோட்டிங்கின் தடிமன் பொதுவாக ஒன்று, இரண்டு மைக்ரானுக்குள் இருப்பதால், இழந்த கிளியர் கோட்டை அது ஈடுசெய்யும் என்று எண்ண வேண்டாம். ஆண்டுதோறும் பழைய கோட்டிங்கை மிஷினால் எடுத்துவிட்டுப் புதிது போட்டுத்தருவதாக வரும் பேச்சுக்கு, ஒவ்வோர் ஆண்டும் என் கிளியர் கோட்டில் எவ்வளவு எடுப்பீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். மஞ்சளான முகப்பு விளக்கைத் தேய்க்கும்போது போவது பெயிண்ட் அல்ல, பாலிகார்பனேட்டின் மேலுள்ள காப்புப் பூச்சு. தேய்த்த பிறகு புற ஊதாவைத் தடுக்கும் புதிய பூச்சு போடாவிட்டால் நம் வெயிலில் சில மாதங்களிலேயே மறுபடி மஞ்சளாகும்.

கடையில் கேட்க வேண்டியவை

தடிமன் கருவி வைத்திருக்கிறீர்களா, முன்னும் பின்னும் எழுதித் தருவீர்களா என்பது முதல் கேள்வி. ரோட்டரியா, டூயல் ஆக்ஷனா, எந்தப் பேடு, சோதனைக் கட்டம் என் கண் முன்னால் செய்வீர்களா என்பவை அடுத்தவை. ஃபினிஷிங் சுற்று கூலியில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வேக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

எழுதித் தந்த அளவுகளைத் தேதியோடு ஆர்சி நகலுடன் வைத்திருங்கள். அடுத்த முறை வேறொரு கடைக்குப் போனாலும் எந்தப் பேனலில் எவ்வளவு மிச்சம் என்பது அவருக்கும் தெரியும். வண்டியை விற்கும் நாளில், மறுபெயிண்ட் அடித்தது எது, கம்பெனிப் பெயிண்ட் எது என்று வாங்குபவர் கேட்டால் காட்டவும் உதவும். கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் உப்பையும் மணலையும் அலசிவிட்டு, உலர்ந்த துணியை வண்டியின் மேல் ஓட்டாமல் இருந்தாலே, அடுத்த பாலிஷை இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.